ஹலீமா சிரித்து முடிக்கும்வரை

போன மாதம் யாழ்ப்பாணத்தில் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். ஊசி போட வந்த தாதிப் பிள்ளை என் புறங்கையைத் தடவிக்கொண்டு, “நோகாது அம்மா, சும்மா எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எறும்பு கடித்தால் நோகாதா என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். நானும் ஒரு காலத்தில் தாதியாக, எல்லாரும் ‘மிஸி’ என்று கூப்பிட இருந்தவள் என்று தெரிந்ததும் அவளுக்கு என்னை விட மனமில்லை. பக்கத்து வாட்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கு, கண்ணுக்குள் திரும்பியிருந்த இமைமயிரை அன்று காலை சத்திரசிகிச்சை செய்து நேராக்கியிருக்கிறார்கள். பின்னேரமே வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம்.

“உங்கட காலத்தில இதை எப்பிடி மிஸி செய்தனீங்கள்? பிள்ளையளை நித்திரையாக்க இந்த மெசின் ஒண்டும் இல்லையே?” என்று கேட்டாள்.

ஒரு கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. கட்டு அவிழ்த்த பிறகு எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன்.

நான் வெள்ளாங்குளத்து வயற்காரர் ஒருவரின் மகள். தாதிப் படிப்புக்குக் கொழும்புக்குப் போனேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுருக்கமில்லாமல் கட்டில் விரிக்கப் பழகினோம். கத்தி, கத்தரிக்கோல்களைக் கொதிநீரில் அவிக்கப் பழகினோம். மேற்றன் எனப்பட்ட வெள்ளைக்காரத் தலைமைத் தாதியின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்ளவும் பழகினோம். பிள்ளைகளிடம் எப்போதும் ‘நோகாது’ என்றுதான் சொல்லவேண்டும், பயந்த பிள்ளை திமிறும் என்பது அவருடைய பாடம். தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலிசிலும் அந்த ஒரு சொல் எங்களுக்கு அத்துப்படியாகிவிட்டது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர், மன்னார்த் தீவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை மாற்றினார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் டொக்டர் ரொசேரோ. மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர். உருண்டையான உடம்பு. கைகள் மட்டும் அந்த உடம்புக்குச் சேராமல் சின்னதாக, மெல்லிய விரல்களோடு இருக்கும். மட்டக்களப்புத் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் இங்கிலிஸ். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதாவது ஒரு பைலாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். முணுமுணுப்பு நின்றால் ஏதோ பிசகு என்று எங்களுக்குத் தெரியும். அவர் பேர்போன கண் டொக்டர் இல்லை. கொழும்பில் கண் வைத்தியம் செய்யும் ஓர் இடத்தில் இளவயதில் கொஞ்சக் காலம் வேலை செய்திருந்தார். அந்தக் கைப்பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்.

கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் கண் சிவந்திருப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். காற்று, மணல், உப்பு என்று விட்டுவிடுவார்கள். டொக்டர் அப்படி விடமாட்டார். சில பிள்ளைகளுக்குக் கீழிமைத் தோல் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்த மடிப்பு இமையின் விளிம்பில் ஏறி, மயிர்களை நிமிர்த்தி, கருமணியில் உரசும்படி தள்ளிவிடும். ஒவ்வொரு இமைப்புக்கும் ஓர் உரசல். பிள்ளை என்ன செய்யும்? கண்ணைக் கசக்கும், வெயிலைக் கண்டால் முகத்தைத் திருப்பும், அழும். வீட்டில் சாவணத்தால் மயிரைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய இடத்தில் கட்டையாக, இன்னும் முரடாக முளைக்கும்.

அப்படிப்பட்ட பிள்ளை வந்தால் யன்னலடியில் கதிரை போட்டு இருத்துவார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, “மேல பாரு புள்ள, இப்ப கீழ பாரு” என்பார். கீழே பார்க்கும்போதுதான் உரசல் கூடும். பிறகு மஞ்சள் மருந்து ஒரு சொட்டு விட்டுக் கழுவுவார். கீறல் விழுந்த இடமெல்லாம் பச்சைக் கோடாகத் தெரியும். பச்சை தெரியாத பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். “வளர வளர முகம் நீளும், தானாச் சரிவரும். வெட்டாம விடலாமெண்டா விடோணும் மிஸி” என்பார். 

வெட்டவேண்டியவர்களுக்கு, மயிர் வரிசைக்குக் கீழே தோலில் ஒரு சின்னத் துண்டு எடுக்கவேண்டும். நடுவில் அகன்று இரண்டு முனையிலும் ஒடுங்கிய, நீண்ட நெல்லுமணி போன்ற துண்டு. எடுத்தபின் விளிம்புகளைப் பட்டு நூலால் உள்ளே இமையின் கெட்டியான பகுதியோடு சேர்த்துத் தைத்தால், மயிர் வெளிப்பக்கம் திரும்பும். சொல்ல லேசு. குறைய எடுத்தால் மயிர் பழையபடி உள்ளே போகும். கூட எடுத்தால் இமை கீழே தொங்கும், நித்திரையில்கூடக் கண் மூடாது. எடுத்த தோலைத் திருப்பி ஒட்டவும் முடியாது.

அதனால் டொக்டர் ஆட்டிலே பழகினார். பசாரில் இறைச்சிக்கடைக்காரர் அவருக்கென்று தலைகளை எடுத்துவைப்பார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் அவரும் மேசையில் ஆட்டுத்தலையை வைத்து இமை தைப்போம். பழகி முடிந்த தலைகள் அற்றென்டன் சந்தியாப்பிள்ளையின் வீட்டுக் கறிச்சட்டிக்குப் போகும். அவர் பக்கத்துக் கரையூரான தாழ்வுபாட்டுக்காரர். “மிஸி, தைச்ச பிறகு நூலைக் கழட்டிப்போட்டுத் தாங்கோவன். மனிசி பேசுறா” என்று ஒருநாள் மிகவும் பணிவாகக் கேட்டார்.

தோலில் வெட்டுக்கோட்டை ஊதா மருந்தால் குறிப்பது வழக்கம். பிள்ளை பயப்படாமல் இருக்க, டொக்டர் முதலில் அந்தக் குச்சியைப் பிள்ளையின் கையிலே கொடுத்துத் தன் முகத்தில் கோடு போடச் சொல்லுவார். பிறகு பிள்ளையின் முகத்தில் அவர் போடுவார். ஊதா மருந்து கழுவினாலும் லேசில் போகாது. தாழ்வுபாட்டுப் பையன் ஒருவன் கண்ணுக்குக் கீழே போடாமல் மூக்குக்குக் கீழே முறுக்கு மீசையே வரைந்துவிட்டான். அன்று ஆஸ்பத்திரியைப் பார்வையிட அரசாங்க ஏசண்டான வெள்ளைக்காரத் துரை வந்தார். டொக்டர் மீசையோடுதான் வாசலில் நின்று வரவேற்றார். துரை கிணறு, குசினி, மருந்து அலுமாரி எல்லாம் பார்த்தார். டொக்டரின் முகத்தை மட்டும் கடைசிவரை பார்க்கவில்லை. அவர் கார் ஏறிய பிறகு நாங்கள் எல்லாரும் வாட்டின் பின்பக்கம் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பிள்ளைகளைக் குளோரோபோம் கொடுத்துத்தான் நித்திரையாக்குவோம். முகத்தில் கம்பிக் கூடு வைத்து, அதன்மேல் துணி போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவது என் வேலை. மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே விடவேண்டும். ஹலீமா வரும்வரை அந்த வேலையில் எனக்குப் பெரிய சிக்கல் ஒன்றும் வந்ததில்லை.

ஹலீமா கண் காட்ட வந்தவள் இல்லை. அவளுடைய வாப்பா மீராசாகிபு, சிலாவத்துறையில் சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர், காலில் திருக்கை முள் ஏறி வந்திருந்தார். நல்ல உயரமான, கறுத்த, பலசாலி மனிதர். முள்ளைக் கீறி எடுக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த மகள், எட்டு வயது இருக்கும், விறாந்தையில் சுவரைப் பார்த்தபடி நின்றாள். டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே அவளைக் கவனித்துவிட்டார்.

“அந்தப் புள்ளைக்கு என்ன கோவம்?”

“அவ அப்பிடித்தான் டொக்டர் ஐயா. வெயிலைக் கண்டா மூஞ்சைத் திருப்பிக்கொள்ளுவா. ஓதப்போற இடத்திலயும் லெப்பை ஏசுறாரு, எழுத்தைப் பாக்கிறா இல்லையெண்டு. பிடிவாதக்காரி.”

“பிடிவாதம் எந்தக் கண்ணில கூட?” என்று டொக்டர் கேட்டார். மீராசாகிபுவுக்கு விளங்கவில்லை. ஹலீமாவுக்கு விளங்கியது. சுவரைப் பார்த்தபடியே இடக்கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

யன்னலடிக் கதிரை, பூதக்கண்ணாடி, மஞ்சள் மருந்து. இரண்டு கண்ணிலும் மயிர் உரசியது. இடக்கண்ணில் மூக்குப் பக்கமாகப் பச்சைக் கோடுகள் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. அவற்றின் நடுவில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. வெட்டித் தைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதும் மீராசாகிபு புண்பட்ட காலோடு எழும்பிவிட்டார்.

“கண்ணில கத்தி வைக்கிறதா? வேணாம் ஐயா. அவட உம்மா சாவணத்தால எடுக்கிறாதானே. அதுவே போதும்.”

டொக்டர் பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார். மீராசாகிபு குனிந்து மகளின் கண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“கல்லுப் பாரில உரசின வள்ளத்தின்ர அடி மாதிரிக் கிடக்கு” என்றார்.

“அதேதான்.”

“இப்பிடியே உரசிக்கொண்டு போனா?”

“வள்ளத்துக்கு என்ன நடக்கும்?”

அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி இருந்தார். “எப்ப செய்யிறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் டொக்டர் வழக்கப்படி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அப்போது பாட்டு நின்றது. முன்பக்கம் கேட்டார், முதுகில் கேட்டார், படுக்கவைத்துக் கேட்டார். பிறகு குழாயை என் காதில் மாட்டினார். ‘லப் டப்’ என்று வரவேண்டிய இடத்தில், இரண்டுக்கும் நடுவில் காற்றுச் சீறுவதுபோல ஓர் இரைச்சல். பிறந்ததிலிருந்தே இருந்ததோ, காய்ச்சலில் வந்ததோ தெரியவில்லை. ஓடி விளையாடுகிற பிள்ளை. ஆனால் அந்த இதயத்துக்குக் குளோரோபோம் கொடுக்க அவர் துணியவில்லை. நானும் துணிந்திருக்கமாட்டேன்.

“கொழும்புக்கு அனுப்பிப் பாப்பமே டொக்டர்?” என்றேன்.

“அங்கயும் இதே இதயத்தைத்தானே கொண்டுபோகப்போறா” என்றார். கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே கழுதைகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “விறைக்கிற ஊசி மட்டும் போட்டு, முழிச்சிருக்கத் தைக்கோணும். பெரிய ஆக்களுக்கு அப்பிடிச் செய்திருக்கிறன். சின்னப் புள்ளைக்குச் செய்யல்ல. ஒரு துள்ளுத் துள்ளினாளெண்டா…”

ஹலீமாவை வாட்டில் சேர்த்தோம். உம்மாவிடம் கைக்குழந்தை இருந்ததால் வாப்பாதான் கூட நின்றார். அன்றைக்குப் பின்னேரம் நான் தலை வாரிவிடும்போது அவள் கேட்டாள்:

“மிஸி, நோகுமா?”

“நோகாது மோள்” என்று என் வாய் தானாகச் சொன்னது.

“உம்மாவும் இப்பிடித்தான் சொல்லுவா, சாவணத்தை எடுத்துக்கொண்டு வரக்குள்ள.” பாதி பின்னிய கூந்தலோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் வந்து அவளுடைய கட்டில் கால்மாட்டில் இருந்தார். கட்டில் கிறீச்சிட்டது.

“என்னட்டக் கேளு புள்ள.”

“நோகுமா?”

“நோகும்.”

ஹலீமா திரும்பி அவரைப் பார்த்தாள். “எவ்வளவு?”

“ஊசி போடக்குள்ள நல்லா நோகும், எரியும். பிறகு விறைச்சுப்போயிரும். இழுக்கிறது தெரியும், ஆனா நோவு இருக்காது. கத்தரிக்கோல் வெட்டுற சத்தம் கேக்கும்.”

“சத்தம் கேக்குமா?”

“காதுக்குக் கிட்டத்தானே. கேக்கும்.”

“அசைஞ்சா?”

“கத்தி கண்ணில படும். அதாலதான் அசையாம இருப்பியா எண்டு உன்னட்டக் கேக்க வந்தனான்.”

அவள் யோசித்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். “ஒவ்வொண்டும் செய்ய முந்தி சொல்லோணும். நோகிறதை நோகுமெண்டு சொல்லோணும். பொய் சொன்னா நான் எழும்பிப் போயிருவன்” என்றாள். பிறகு என்னைக் காட்டி, “இவங்க சொல்லட்டும். நீங்க வேலை செய்யக்குள்ள கதைச்சா கை ஆடும்” என்றாள்.

டொக்டர் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். அப்படி என் வேலை மாறியது. சொட்டு விடுகிறவள், சொல்லுகிறவள் ஆனேன். அடுத்த சில நாட்கள் காலையில் அவளை மேசையில் படுக்கவைத்து, முகத்தில் ஓட்டை வைத்த துணியைப் போட்டு ஒத்திகை பார்த்தோம். “இப்ப பஞ்சு, குளிரும். இப்ப தகடு வைக்கிறார், அமத்தும்” என்று நான் சொல்லுவேன். டொக்டர் வெறுங்கையால் தொடுவார். அவள் அசையாமல் கிடப்பாள். ஒத்திகை முடிந்ததும் ஊதாக் குச்சியை வாங்கி டொக்டரின் முகத்தில் கோடு போடுவாள். அதையும் அவள் ஒழுங்காக, கண்ணுக்குக் கீழே சரியான இடத்திலேயே போட்டாள். “இவவுக்கு என்னைவிட நல்லாக் கோடு வருது” என்று டொக்டர் குறைப்பட்டார்.

முதலில் இடக்கண். செய்கிற நாள் நல்ல வெயில். மேசையை யன்னலடிக்கு இழுத்திருந்தோம். நான் அவளுடைய தலைமாட்டில் நின்றேன். கால்மாட்டில் மீராசாகிபு, மகளின் இரண்டு பாதங்களையும் பிடித்தபடி. வேண்டாம், வெளியே இருங்கள் என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார். “கச்சான் காத்தில தனியா வள்ளம் கொண்டு வந்தவன் நான்” என்றார் அவர்.

கண்ணுக்கு மருந்துச் சொட்டு விட்டோம். கரண்டிபோல வளைந்த தகட்டை டொக்டர் இமைக்கும் கண்ணுக்கும் நடுவில் செருகினார். கத்தி தவறினாலும் கருமணியில் படாமல் இருப்பதற்கு அதுதான் காவல். ஆனால் தலை துள்ளினால் தகடும் நழுவும்.

“இப்ப ஊசி, மோள். நல்லா நோகும். எரியும். நான் சொல்லும்வரைக்கும் இருக்கும்” என்றேன். வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்கு அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஹலீமா என் மேலங்கித் துணியைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியது. அவளுடைய கால் விரல்கள் மடங்கின. தலை அசையவில்லை.

ஆனால் கால்மாட்டில் பொத்தென்று ஒரு சத்தம். ஓர் இரும்பு வாளி உருண்டு ஓடியது.

“என்ன விழுந்தது?” என்று துணிக்குள்ளிருந்து ஹலீமா கேட்டாள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாதே.

“உங்கட வாப்பா” என்றேன்.

“மவுத்தாப்போனாரா?”

“இல்லை மோள், மயங்கிப்போனார். சந்தியாப்பிள்ளை தூக்கிக்கொண்டு போறார்.”

சந்தியாப்பிள்ளை மெலிந்த மனிதர். மீராசாகிபுவின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தபடி, “மாதாவே, என்ன பாரம்!” என்று முனகினார். அதைக் கேட்டதும் ஹலீமாவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. வயிற்றில் தொடங்கிய குலுக்கம் நெஞ்சுக்கு வந்தது. அவள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்க அடக்கக் கூடுகிற பிள்ளைகள் உண்டல்லவா, அவள் அந்த வகை. கண்ணுக்குக் கீழே ஊசி குத்திய இரத்தப் பொட்டும் சேர்ந்து ஆடியது.

டொக்டர் தகட்டை மெல்ல வெளியே எடுத்தார். ஊசியைத் தட்டில் வைத்தார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சிரிச்சு முடி புள்ள. நான் நிக்கிறன்” என்றார்.

அவள் சிரித்தாள். துணி எழும்பி எழும்பி விழுந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. டொக்டரின் முகமூடி மேலும் கீழும் போனது. வெளியே விறாந்தையில் முகத்தில் தண்ணீர் தெளித்ததும், மீராசாகிபு, “வள்ளம் எங்க? வள்ளம் எங்க?” என்று கேட்டுக்கொண்டு எழும்புவது கேட்டது. அதோடு இன்னொரு சுற்றுச் சிரிப்பு. பிறகு துணிக்குள்ளிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. “முடிஞ்சுது. இப்ப செய்யுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மரக்கட்டைபோலக் கிடந்தாள். “இப்ப வெட்டுறார், இழுக்கும். இப்ப கத்தரிக்கோல் சத்தம். இப்ப தையல், முதலாவது” என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். டொக்டர் தம் பைலாவை முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டி, “முடிஞ்சுது புள்ள” என்றார் அவரே.

நித்திரையாக்கிய பிள்ளையென்றால் அத்தோடு கட்டுப் போட்டிருப்போம். இவள் முழித்திருந்ததால் டொக்டருக்கு ஓர் ஆசை வந்தது. அவளை மெல்ல இருத்தினார். “மேல பாரு. நல்லது. இப்ப கீழ பாரு.”

முணுமுணுப்பு நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். வரிசை முழுக்க வெளியே திரும்பியிருந்தது. மூக்குப் பக்கத்து மூலையில் மட்டும், அவள் கீழே பார்க்கும்போது, இரண்டு மயிர்கள் இன்னும் கருமணியைத் தொட்டன. வெள்ளைப் புள்ளிக்கு நேரே.

இத்தனை நாளும் நித்திரையான பிள்ளைகளுக்கு அவர் மனக்கணக்கில்தான் தைத்திருந்தார். கீழே பார் என்று சொல்ல வழியே இருக்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததை என்ன செய்வது? ஊசியின் விறைப்பு விடத் தொடங்கியிருந்தது. திருப்பி ஊசி போடவேண்டும், மூலைத் தையலைப் பிரித்து ஆழமாகத் தைக்கவேண்டும். முடிந்தது என்று சொல்லியும் ஆயிற்று.

டொக்டர் கதிரையை இழுத்து அவளுக்கு நேரே இருந்தார்.

“புள்ள, ரெண்டு மயிர் இன்னும் உரசுது. திரும்பவும் ஊசி போட்டுத் தைக்கோணும்.”

“முடிஞ்சுது எண்டீங்களே?”

“ஓம். பாக்காமச் சொல்லிட்டன். என்ர பிழை.”

ஊசிக்கு அழாத பிள்ளை அப்போது அழுதாள். சத்தமில்லாமல், உதடு மட்டும் பிதுங்கி. தையல் போட்ட கண்ணில் கண்ணீர் ஊறியது. நான் பஞ்சால் ஒற்றினேன். அவள் மேசையை விட்டு இறங்கி நடந்தால் அவளைப் பிடித்து வைத்துச் செய்ய முடியாது. பிடித்து வைத்தால் துள்ளுவாள். எழும்பிப் போவேன் என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள், டொக்டரும் ஒப்புக்கொண்டவர். அவர் காத்திருந்தார்.

“இப்பிடியே விட்டா?” என்று கேட்டாள் கொஞ்ச நேரம் செல்ல.

“அந்த வெள்ளைப் புள்ளி பெருக்கும்.”

“தைச்சா உரசாதா?”

“உரசாது எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறீங்களா?”

“ஓம். நினைக்கத்தான் முடியும். முதல் சொன்ன மாதிரி அடிச்சுச் சொல்லமாட்டன்.”

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். ஒரு கண் வீங்கி, ஒரு கண் சிவந்து, கன்னமெல்லாம் ஊதாவும் இரத்தமுமாக இருந்த அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு தானாகவே பின்னால் சாய்ந்து படுத்தாள். துணியைத் தானே இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

“மிஸி, சொல்லுங்க” என்றாள்.

“இப்ப ஊசி. நோகும்.”

“தெரியும்.”

இரண்டு தையல். அந்த முறை டொக்டர் பாடவில்லை. இருத்திப் பார்த்தார், மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம். பூதக்கண்ணாடியை என்னிடமும் தந்து பார்க்கச் சொன்னார். “மிஸி, நீங்களே சொல்லுங்க” என்றார். முடிந்தது என்று நான்தான் சொன்னேன்.

தையல் பிரித்த அன்று மயிர் வரிசை வெளியே பார்த்து நின்றது, காற்று அடங்கிய பிறகு நிமிர்ந்த நாற்றுப்போல. பிறகு மஞ்சள் மருந்து விட்டுப் பார்த்தபோது பச்சைக் கோடு ஒன்றுமே இல்லை. வெள்ளைப் புள்ளி முற்றாகப் போகவில்லை, ஆனால் மெலிந்து ஓரமாக நின்றுவிட்டது. வலக்கண்ணை அடுத்த மாதம் செய்தோம். அதற்கு மீராசாகிபு தாமாகவே விறாந்தையில் இருந்துகொண்டார். அதற்குப் பிறகு, கொஞ்சம் வளர்ந்த, சொன்னால் கேட்கக்கூடிய பிள்ளைகளுக்கெல்லாம் டொக்டர் விறைக்கிற ஊசி போட்டு, முழித்திருக்கவைத்துத்தான் செய்தார். இருத்திக் கீழே பார்க்கவைக்காமல் யாருக்கும் கட்டுப் போடவில்லை. ‘நோகாது’ என்ற சொல்லை எங்கள் வாட்டில் யாரும் பாவிக்கக்கூடாது என்று கட்டளையும் போட்டார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், வெளிநோயாளர் பகுதியில் ஒரே இரைச்சல். எட்டிப் பார்த்தால் ஒரு கூட்டம் பிள்ளைகள், எல்லாரும் சிலாவத்துறை, எல்லாரும் பெருநாள் உடுப்பு. முன்னால் ஹலீமா. பின்னால் மீராசாகிபு, வள்ளத்தின் துடுப்பைக்கூட வைக்க மறந்து கையோடு கொண்டுவந்திருந்தார்.

“எல்லாருக்கும் கண் வருத்தமாம் டொக்டர் ஐயா. இவதான் கண்டுபிடிச்சா. எல்லாரையும் ஏத்திக்கொண்டு வா எண்டு மூணு நாளா என்ன விடுறா இல்ல.”

“எப்பிடிக் கண்டுபிடிச்ச?” என்று டொக்டர் கேட்டார்.

“வெயிலில நிறுத்திப் பாத்தனான். கண் சுருக்கினவங்க இவங்க.”

டொக்டர் ஒரு முழுக் காலையும் செலவழித்து எல்லாரையும் யன்னலடிக் கதிரையில் இருத்திப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளுக்கு உண்மையாகவே மயிர் உள்ளே திரும்பியிருந்தது; ஒருத்திக்கு நல்ல பச்சைக் கோடு. மற்றவர்களின் கண்களில் ஒரு குறையும் இல்லை. வெயிலில் நிறுத்தினால் யார்தான் கண் சுருக்கமாட்டார்கள்?

“இந்த மிச்சப் பேருக்கு ஒண்டும் இல்லையே புள்ள?” என்றார்.

ஹலீமா வாப்பாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு டொக்டரின் காதருகில் போனாள். ஆனால் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“எங்களுக்குக் கோச்சி பாக்கோணும் டொக்டர். ஒருத்தரும் கண்டதில்ல. கண்ணெண்டு சொன்னாத்தானே வாப்பா வள்ளத்தில ஏத்துவாரு. நானும் இங்க கட்டோட படுத்திருக்கக்குள்ள சத்தம் மட்டும்தான் கேட்டனான்.”

மீராசாகிபு துடுப்பை ஊன்றிக்கொண்டு மகளைப் பார்த்தார். டொக்டருக்கு வந்த சிரிப்பில் கதிரை கிறீச்சிட்டது. “சந்தியாப்பிள்ளை, தலைமன்னார்க் கோச்சி எத்தினை மணிக்கு?” என்று கேட்டார். ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. மீராசாகிபு அந்தக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனார். இரண்டு நோயாளிகளையும் சேர்த்துத்தான், அவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மத்தியானம் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஹலீமா ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. யன்னலடிக்கு ஓடிப்போய் இருத்தினோம். டொக்டர் இமையை விரித்துப் பார்த்தார். தையல் போட்டிருந்த இடமெல்லாம் பத்திரமாக இருந்தது. மயிர் எல்லாம் வெளியே. உள்ளே கறுப்பாக ஒரு கரித்தூள், எஞ்சின் புகையில் வந்தது.

“கோச்சி வரக்குள்ள கண்ணை மூடு, கண்ணை மூடு எண்டு கத்தினன் ஐயா” என்றார் மீராசாகிபு. “மத்தப் பிள்ளையள் எல்லாம் மூடிக்கொண்டுதுகள். இவ மட்டும் கேக்கயில்ல.”

டொக்டர் நனைத்த பஞ்சு நுனியால் கரித்தூளை எடுத்துக் காட்டினார். “ஏன் புள்ள மூடயில்ல?”

ஹலீமா தண்ணீர் வழியும் கண்ணை இரண்டு மூன்று தரம் இமைத்துப் பார்த்தாள்.

“மூடினா அது போயிருமே” என்றாள்.